அகாதாவின் முழங்கை

ஏரியின் குறுக்கே பழையபடி மரப்பாலம் கட்டப்போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது வடகரையில் ராப்பர்ஸ்வீல் ஊரும் தென்கரையில் ஹுர்டன் ஊரும் ஒன்றாக மகிழ்ந்தன. அந்த இரண்டு ஊரும் ஒரே விஷயத்துக்கு மகிழ்வது வழக்கமில்லை. தென்கரை மலைக்கு அப்பால் ஐன்சீடெல்ன் கோயிலில் இருக்கும் கருப்பு மாதாவிடம் நடந்தே போகிறவர்கள் இனிமேல் ஏரியைக் கடக்கிற அணைச்சாலையில் லாரிகளை உரசிக்கொண்டு போக வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சும்மா உலாவப் போகிறவர்களுக்கும் தண்ணீர் மேல் ஒரு நடை கிடைக்கும். ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளுக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். யாரும் எழுதப்போவதில்லை என்று ஒட்டியவர்களுக்கே தெரியும்.

இருபத்தொன்பதாம் நாள், ஹுர்டனில் மீன்கடை வைத்திருக்கும் அகாதா நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தாள்.

நான்கு பக்கமும் முக்குளிப்பான் பறவைகளைப் பற்றியது. தென்கரை நாணலில் அவை கூடு கட்டுகின்றன, பாலம் அந்த நாணலுக்குள் புகுந்து வருகிறது, ஆகவே பாலமே வேண்டாம். படித்தவர்கள் திகைத்துப்போனார்கள். வலையில் விழுந்த மீனைக் கொத்தித் தின்கிற அந்தப் பறவைகளைக் காலி டப்பாவைத் தட்டித் தட்டி விரட்டுபவள் அகாதா. அவள் திட்டுகிற திட்டு ரயிலில் போகிறவர்களுக்கே கேட்கும்.

மனுவின் நகல் வீட்டுக்கு வந்தது. அவள் புருஷன் மைன்ராட் காலைக் காப்பியின்போது அதை உரக்கப் படித்தான்.

"'இந்த அமைதியான, அப்பாவிப் பறவைகள்...' யாரைச் சொல்ற? நேத்து நீ செருப்பைத் தூக்கி எறிஞ்சியே, அவங்களையா?"

"ரொட்டியைத் தின்னு."

"'குஞ்சுகளை முதுகில் சுமந்து செல்லும் இவற்றின் தாய்மை...' அடேயப்பா! என்னை ஒரு நாள் இப்படிப் புகழ்ந்து எழுதியிருக்கியா நீ?"

"நீ யாரை முதுகில சுமந்தே?"

"உன் நாக்கைத்தான். முப்பத்திரண்டு வருஷமா."

இப்படித்தான் அவர்கள் குடித்தனம் நடந்தது. ஒருவரை ஒருவர் சீண்டாமல் ஒரு காப்பி உள்ளே இறங்கியதில்லை. அன்பாக ஒரு வார்த்தை சொன்னால் மற்றவர் அதை ஒரு மாதத்துக்கு வைத்துக்கொண்டு கேலி செய்வார் என்பதால் இருவரும் சொல்வதில்லை. அதில் அகாதாவுக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை. ஆனால் அவள் மறைத்துவைத்த ஒன்று இருந்தது. பாலம் வந்தால் அது வெளியே வந்துவிடும்.

கல்யாணமான மறு வருஷம், அக்டோபரில், மேற்கிலிருந்து புயல் அடித்தது. மைன்ராட் படகோடு ஏரியில் இருந்தான். இருட்டும்வரை வரவில்லை. அகாதா கரையில் ஈரச் சரளைக்கல்லில் மண்டியிட்டு, முகத்தில் மழையும் கண்ணீரும் வழிய, கருப்பு மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள். 'அவனை உயிரோடு கரை சேர்த்துவிடு தாயே, மரப்பாலத்தின் மேல் வெறுங்காலோடு நடந்து உன் கோயிலுக்கு வருகிறேன்.' மரப்பாலத்தைப் பிரித்துப் போட்டுத் தொண்ணூறு வருஷம் ஆகியிருந்தது. அந்த அழுகையிலும் அவள் மூளையின் ஏதோ ஒரு மூலை விழித்துக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும்.

ஒரு மணி நேரம் கழித்து மைன்ராட் அணைச்சாலை வழியாக நடந்து வந்தான். புயல் கிளம்பும் முன்பே ராப்பர்ஸ்வீலில் படகைக் கட்டிவிட்டு விடுதியில் உட்கார்ந்திருக்கிறான். அங்கே சுட்ட சாஸேஜுக்குக் கடுகுச் சாந்து கேட்டிருக்கிறான். வடகரை வேறு மாநிலம்; சாஸேஜைக் கடுகு தொடாமல்தான் தின்ன வேண்டும் என்கிற அந்த மாநிலத்துக்காரர்களிடம் அதைக் கேட்பது அவர்கள் தாயைப் பழிப்பதற்குச் சமம். சண்டை முற்றி, சமாதானமாகி, எல்லோரும் சேர்ந்து குடித்து, அதனால் தாமதம். அகாதா ஈர ஏப்ரனைக் கழற்றி அவன் முகத்தில் வீசினாள். 'சோறு ஆறிப்போச்சு' என்று மட்டும் சொன்னாள். அழுததைச் சொல்லவில்லை. கடுகுக்காகச் சண்டை போட்டவனுக்காக மண்டியிட்டு அழுதாள் என்று தெரிந்தால் அவன் ஆயுசுக்கும் சிரிப்பான்.

மனு போட்ட ஆறாவது வாரம் பொறியாளர் கூரிகர் வரைபடத்தோடு கடைக்கு வந்தார். முகமெல்லாம் பூரிப்பு.

"அம்மா, உங்க மனுவை ஏத்துக்கிட்டோம்!"

அகாதா ஃபெல்கன் மீனை அப்படியே கத்தியோடு கீழே வைத்தாள். "பாலம் இல்லையா?"

"பாலம் இருக்கு. நாணலுக்குள்ள போகாது. இப்படி வந்து, இங்க மடங்கி, சுத்திக்கிட்டுக் கரைக்கு வரும். அறுபது மீட்டர் கூடுதல். உங்க புண்ணியத்துல."

"அறுபதா?"

"அறுபத்திரண்டு. பறவைங்க சார்பா நன்றி சொல்லிக்கிறேன்."

அந்தக் குளிர்காலம் முழுக்க ஓக் தூண்களை ஏரியின் அடிச்சேற்றில் அடித்து இறக்கினார்கள். மிதவையிலிருந்து விழும் சம்மட்டியின் சத்தம் கடைவரைக்கும் கேட்டது. ஒவ்வொரு அடியும் தன் தலையில் விழுவது போலிருந்தது அகாதாவுக்கு. மைன்ராட் ஆட்களைப் படகில் ஏற்றி இறக்கும் வேலையை எடுத்துக்கொண்டான். சாயங்காலம் செய்தியோடு வருவான்.

"அந்த வளைவுக்கு ஆளுங்க பேரு வச்சிட்டாங்க தெரியுமா? அகாதாவின் முழங்கை."

"உன் வேலைதானே?"

"நான் 'அகாதாவின் மூக்கு'ன்னுதான் சொன்னேன். மூக்கு அவ்வளவு நீளம் இல்லேன்னுட்டாங்க."

பலகை அடிக்க ஆரம்பித்ததும் அகாதா ராப்பர்ஸ்வீல் கப்புச்சின் மடத்துக்குப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் பெயாட்டுஸ் சாமியார் இருந்தார்.

"சாமி, புருஷன் சாகப்போறான்னு நெனச்சு ஒரு நேர்ச்சை வச்சேன். அவன் சாகவே போகல. வயிறு முட்டத் தின்னுக்கிட்டிருந்தான். அப்ப அந்த நேர்ச்சை செல்லாதுதானே?"

"உயிரோட கரைக்கு வந்தாரா?"

"வந்தான்."

"நீ கேட்டது அதுதானே? பட்டினியா வரணும்னு கேட்டியா?"

அகாதா கொஞ்சம் யோசித்தாள். "அணைச்சாலை வழியா நடந்துட்டா?"

"மரப்பாலம்னு சொன்னது மாதாவா, நீயா?"

"அப்ப பாலமே இல்ல சாமி!"

"இப்ப இருக்கே." தாடிக்குள் அவர் சிரிப்பது தடுப்புக்கு இந்தப் பக்கம் கேட்டது. "எவ்வளவு பொறுமை பாரு அவங்களுக்கு. கட்டி முடிக்கிற வரைக்கும் காத்திருக்காங்க. உனக்கு என்ன கஷ்டம்? காலு வலிக்கும்னா?"

"கால் கெடக்குது. அவனுக்குத் தெரிஞ்சிடும் சாமி."

"என்ன தெரிஞ்சிடும்?"

"நான் அழுதது" என்றாள் அகாதா.

இப்போது அவர் சிரிக்கவில்லை. "அதுக்கு நான் மன்னிப்புத் தர முடியாதும்மா. அது பாவமில்லையே" என்றார்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் யாரும் இல்லாத விடியலில் நடந்து முடித்துவிடுவது என்று தீர்மானித்தாள். அவள் வீடு தென்கரையில், கோயில் இருக்கும் பக்கத்தில். ஆனாலும் பாலத்தைக் கடந்தாக வேண்டுமே. முதல் ரயிலில் ராப்பர்ஸ்வீலுக்குப் போய், அங்கிருந்து தன் வீட்டுக்கே யாத்திரை வரவேண்டியதாயிற்று. மைன்ராட் வலை எடுக்கக் கிளம்பியதும் இவளும் கிளம்பினாள்.

குறுக்கே கட்டியிருந்த கயிற்றுக்கு அடியில் குனிந்து நுழைந்து செருப்பைக் கழற்றிப் பையில் போட்டாள். பலகை பனியில் சில்லென்றிருந்தது. புது ஓக் மரத்தின் புளித்த வாசனை. ஏரி அசையவில்லை. எதிரே எட்ஸெல் மலை கருப்பாக நின்றது. நூறு மீட்டர் நடந்ததும் பயம் போயிற்று. நானூறு மீட்டரில் நடை பிடித்துவிட்டது. இவ்வளவுதானா, இதற்கா நான்கு பக்கம் எழுதினேன் என்று நினைத்தபோது வளைவு வந்தது. நேரே போயிருந்தால் வீடு இதோ, கைக்கெட்டும் தூரத்தில். பாலமோ அவளைப் பக்கவாட்டில் ஏரிக்குள் இழுத்துக்கொண்டு போனது. நாணலுக்குள் ஒரு முக்குளிப்பான் கொண்டையைத் தூக்கிப் பார்த்தது.

"என்ன பாக்குற? எல்லாம் உனக்காகத்தான்" என்றாள் அகாதா. சொன்ன வாயை மூடுமுன் ஒரு சிராய் குதிகாலில் ஏறியது.

உட்கார்ந்து காலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கீழே இன்ஜின் சத்தம் நின்றது. புதுத் தூண்களின் அடியில் மீன் கூடுகிறது என்று மைன்ராட் அன்று அந்தப் பக்கம் வலை போட்டிருந்தான்.

"யாரு மேல, பறவைங்க வக்கீலா?"

"கட்சிக்காரங்களைப் பாக்க வந்தேன்."

"வெறுங்காலோடயா? நீதிமன்றத்துல அப்படித்தான் நிக்கச் சொன்னாங்களா?" அதற்குள் ரத்தத்தைப் பார்த்துவிட்டான். "ஏறு படகுல. ரெண்டு நிமிஷத்துல வீடு."

"மாட்டேன். நடந்துதான் வரணும்."

"யாரு சொன்னா?"

"நான்தான் சொன்னேன். மாதாகிட்ட."

பிறகு நாணலைப் பார்த்தபடி, கடையில் அன்றைய மீன் விலை சொல்கிற வேகத்தில், எல்லாவற்றையும் சொன்னாள். புயல், சரளைக்கல், நேர்ச்சை, ஆட்சேபணை மனு. "மண்டி போட்டு அழுதேன். நீ செத்துட்டேன்னு நெனச்சு, நானும் செத்துடலாம்னு நெனச்சேன். போதுமா? இப்ப சிரி."

அவன் சிரிப்புக்காகத் தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

சிரிப்பு வரவில்லை. குனிந்து பார்த்தாள். மைன்ராட் கையில் வலையைப் பிடித்தபடி நின்றிருந்தான். "வலை... வலை கெடக்குது அங்க" என்றான். வலை அவன் கையிலேயே இருந்தது. படகைத் திருப்பி, ஒரு புதுத் தூணில் டமாலென்று முட்டி, பின்வாங்கிப் போனான். அத்தனை வருஷத்தில் அவன் படகு எதன் மேலும் மோதி அவள் பார்த்ததில்லை.

கொண்டை ஊசியால் சிராயை எடுத்துவிட்டு அகாதா மீதியை நொண்டி நடந்தாள். கால் வீங்கிவிட்டது. ஆறியபின் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று சாமியார் தொலைபேசியில் சொன்னார்.

அந்த இரண்டு வாரம்தான் தாங்க முடியாமல் போயிற்று. மைன்ராட் மரியாதைக்காரனாகிவிட்டான். காப்பியை அவனே ஊற்றிக் கொடுத்தான். உப்பு நீட்டினால் "நன்றி அகாதா" என்றான். விழாவில் வேலையாட்கள் "முழங்கைக்கு ஜே!" என்று கத்தியபோது ஊரே சிரிக்க, இவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஒரு காலை அவள் அவன் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

கால் ஆறிய ஞாயிற்றுக்கிழமை அவள் கிளம்பியபோது, "நானும் வரலாமா?" என்று கேட்டான். 'லாமா' போட்டு அவன் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

எட்ஸெல் ஏற்றத்தில் அகாதா வேண்டுமென்றே தூண்டில் போட்டாள். "கிழட்டுப் பசு மாதிரி மூச்சு வாங்குறேன்ல?"

"இல்லையே. நல்லாத்தான் நடக்குற."

"இந்தத் தொப்பியில சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி இருக்கேனா?"

"அழகா இருக்கு."

உண்மையைச் சொல்லி ஆளைக் கெடுத்துவிட்டோம், இனிமேல் மிச்ச நாளெல்லாம் இந்த நல்ல மனிதரோடுதான் காலம் தள்ள வேண்டுமோ என்று நினைத்தபோது அகாதாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. இந்தத் தடவை புயல்கூட இல்லை.

கோயிலில் கருப்பு மாதா பொன் அங்கியில் நின்றாள். மைன்ராட் பின் பெஞ்சில் உட்கார்ந்தான். அகாதா முன்னால் போய் மண்டியிட்டாள்.

'வந்துட்டேன் தாயே. லேட்டுதான், நீ தப்பா நினைக்காதே. சொன்னதைச் செஞ்சாச்சு. இன்னொண்ணு கேக்கணும். அவனோட வாயைத் திருப்பிக் குடுத்துடு. இதுக்கு நேர்ச்சை கீர்ச்சை எல்லாம் கிடையாது, சும்மா கேக்கிறேன். எனக்கு அறுபது வயசாச்சு, புதுசா ஒருத்தனைப் பழக்கப்படுத்திக்க முடியாது.'

எழுந்திருக்க மனம் வராமல் அப்படியே இருந்தாள். பக்கத்துப் பலகை கிறீச்சிட்டது. மைன்ராட் வந்து மண்டியிட்டான். கண் சிவந்திருந்தது. மாதாவைப் பார்த்தபடியே தொண்டையைச் செருமினான்.

"இவ்வளவு நேரமா என்ன பேச்சு?" என்று கிசுகிசுத்தான். "இந்தத் தடவை எந்தப் பாலத்தைக் கட்டச் சொல்லியிருக்கே?"

அகாதா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் சிரிப்பு அடங்கவில்லை. மெழுகுவர்த்தி மாற்றிக்கொண்டிருந்த கோயில் பிள்ளை திரும்பி முறைத்தார்.

"அவளை ஒண்ணும் சொல்லாதீங்க, ஐயா" என்றான் மைன்ராட் அவரிடம், பாதிக் கோயிலுக்குக் கேட்கும்படி. "அப்புறம் உங்க மேலயும் நாலு பக்கம் மனு எழுதிடுவா."

"வாயை மூடுய்யா" என்றாள் அகாதா. மண்டியிட்ட இடத்திலிருந்து எழ அவன் தோளைப் பிடித்தாள். எழுந்த பிறகும் விடவில்லை.