லைல் குசேரா கொடுத்த விவாகரத்து

டெக்சாஸில் பிளம்வில் என்ற சிற்றூருக்கு லைல் குசேராதான் நீதிபதி. அதற்கு முன் டிராக்டர் மெக்கானிக். தேர்தலில் ஜெயித்தால் போதும், சட்டம் படித்திருக்க வேண்டாம் என்கிற நீதிமன்றம் அது. வேகமாக வண்டி ஓட்டியவனுக்கு அபராதம், வீட்டைக் காலி செய்ய மறுப்பவனுக்கு உத்தரவு, சில்லறைத் தகராறுகள், நடுநடுவே கல்யாணம் செய்துவைப்பது. அவ்வளவுதான் அதன் எல்லை. கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டால் லைலுக்கு எல்லையெல்லாம் மறந்துவிடும். மனுஷனுக்கு அவ்வளவு பந்தா.

சனிக்கிழமை அவருக்கே கல்யாணம். பேக்கரி நடத்தும் வெர்னாதான் மணப்பெண். கல்யாண லைசென்ஸ் வாங்கக் கிளம்பியவரிடம் கோர்ட் குமாஸ்தா ஒடீலியா கேட்டாள்.

"வெர்னாவுக்கு எந்தக் கோர்ட்ல விவாகரத்து ஆச்சு ஜட்ஜ்?"

"இங்கதான். நீ பிரசவ லீவுல இருந்தப்ப நான்தான் குடுத்தேன். அவ புருஷன் கிளின்ட்டும் சரின்னுட்டான்."

"நீங்களா? நமக்கு ஏது அந்த அதிகாரம்? அது மாவட்டக் கோர்ட் வேலையாச்சே!"

"சேத்து வைக்கிறவனுக்குப் பிரிச்சு வைக்கத் தெரியாதா?"

ஒடீலியா மேசைமேல் கவிழ்ந்து சிரித்தாள். "ஐயோ ஜட்ஜ், அடுத்தவன் பெண்டாட்டியையில்ல கட்டிக்கப் பாத்தீங்க!"

லைலுக்கு வியர்த்துக் கொட்டியது. மனைவி இறந்தபிறகு தனியாகவே சாப்பிட்டுச் சலித்தவர். அறுபது வயதில் கிடைத்த ஒருத்தியையும் தானே கெடுத்துக்கொண்டாரே! அடே மடையா, அன்றைக்குச் சுத்தியலை என்ன கம்பீரமாகத் தட்டினாய் என்று தன்னையே திட்டிக்கொண்டு பேக்கரிக்கு நடந்தார்.

கொலாச்சி ரொட்டியில் பீச் பழக்கூழை வைத்தபடியே வெர்னா எல்லாவற்றையும் கேட்டாள்.

"அப்ப நான் இன்னும் கிளின்ட் பெண்டாட்டியா?"

"ஆமா. என் தீர்ப்பு செல்லாக்காசு. நீ மாவட்டக் கோர்ட்டுக்குப் போகணும், மாசக்கணக்கா காத்திருக்கணும். இந்தக் கேனையன் வேண்டாம்னு நீ சொன்னாலும் தப்பில்ல."

வெர்னா கையைத் துடைத்துக்கொண்டாள்.

"தீர்ப்பைப் பாத்தா உங்களப் பிடிச்சுது? அன்னிக்கு நான் அழுது, பேசி முடிக்கிற வரைக்கும் நீங்க ஒரு வார்த்தை குறுக்க பேசல. இருபது வருஷத்துல கிளின்ட் ஒரு நாள்கூட அப்படிக் கேட்டதில்ல. நான் காத்திருக்கேன்."

அன்று லைல் வாயைத் திறக்காததற்குக் காரணமே வேறு. என்ன சொல்வதென்று தெரியாமல் திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்தார். அதையும் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தார்.

"என்ன?" என்றாள் வெர்னா.

"ஒண்ணுமில்ல. நீ பேசும்மா, கேக்கறேன்" என்றார் நீதிபதி.