மெழுகு ஒருமுறைதான் பாடும்

“லேட்டா வர்றியே ஐடெல்லா! தாளம் ஒரு பக்கம் போகுது, நீ ஒரு பக்கம் போற,” என்றார் மெரிவெதர். இசைக்குழு அவருடையது, பேச்சும் அவருடையதுதான். வாத்தியக்காரர்கள் தத்தம் காலணிகளைப் பார்த்துக்கொண்டார்கள். சிகாகோ ஒலிப்பதிவுக்கூடத்தில் ஜூலைப் புழுக்கம். சத்தம் பதிவாகிவிடும் என்று மின்விசிறியைக்கூட நிறுத்தியிருந்தார்கள்.

“லேட்டா வரலண்ணே. வேணும்னுதான் பின்னாடி வந்தேன்.”

“ஓஹோ! அப்ப வாசிக்கிறவன்லாம் பைத்தியக்காரனா? இப்ப பதிஞ்சதை அழிச்சிட்டு நேரா பாடு. இல்லேன்னா உன் எடத்துல கிளாரினெட் ஊதட்டும்.”

மூன்று நிமிட இசைத்தட்டில் பாட ஐடெல்லாவுக்கென்று இருந்ததே முக்கால் நிமிடம். அதற்காகத்தான் இந்தக் கும்பலோடு பஸ்ஸில் இடிபட்டு ஊர் ஊராக அலைந்தாள். அதுவும் போனால் கேன்சஸ் சிட்டிக்குத் திரும்பிச் சலவைக்கடையில் இஸ்திரி போட வேண்டியதுதான். தன் குரல் எப்படியிருக்கும் என்றே அவளுக்குத் தெரியாது. பாடுகிறவள் தன்னை எங்கே கேட்டாள்!

“அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை போட்டுக் கேளுங்க.”

பதிவுக்காரர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். “மெழுகும்மா அது, பாட்டு அதுல கோடா பதிஞ்சிருக்கு. ஊசி பட்டா கோடெல்லாம் போயிடும். அப்புறம் அதுலேர்ந்து தட்டு அடிக்க முடியாது.”

“குப்பைக்குப் போறதுதானே, போடுங்க. அவளே கேக்கட்டும்,” என்றார் மெரிவெதர்.

ஊசி இறங்கியது. டிரம்பெட்டுகள் முழங்கி ஓய்ந்த இடத்தில் ஒரு பெண் வந்தாள். அவளுக்கு அவசரமே இல்லை. ‘நீ போ, வர்றேன்’ என்று தாளத்தை முன்னால் அனுப்பிவிட்டு, கடைசி நொடியில் வந்து சேர்ந்துகொண்டாள். ஐடெல்லாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நானா இது?

“அடிப்பாவி!” என்றான் டிரம் வாசிக்கும் க்ளெம்.

மெரிவெதர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “இதையே வெச்சுக்கலாமா?”

“அதான் சொன்னேனே. போயிடுச்சு,” என்றார் பதிவுக்காரர்.

“சரி... அதே மாதிரி பாடிடும்மா.” குரல் இறங்கியிருந்தது.

அதே மாதிரியாம்! சொல்வதற்கென்ன? முன்பு அவள் யாரையும் நினைக்காமல் பாடினாள். இப்போது அந்தப் பெண்ணைக் கேட்டுத் தொலைத்துவிட்டாள். அவளைப் போலப் பாடப்போனால் எல்லாம் குட்டிச்சுவர். பதிவுக்காரர், இறுகாமலிருக்கச் சூடாக வைத்திருந்த பெட்டியிலிருந்து கடைசி மெழுகை எடுத்துப் பொருத்தினார்.

சிவப்பு விளக்கு எரிந்தது. டிரம்பெட்டுகள் ஓய்ந்தன. க்ளெம் அவளையே பார்த்தபடி வாசித்தான். தாளத்தில் அவள் வரவேண்டிய அடி வந்தது. ஐடெல்லா மூச்சை இழுத்து, வாயைத் திறந்து, அந்த அடி முன்னால் போகட்டும் என்று நின்றாள்.