கை காட்டாத நாள்

இந்தக் கிளைப் பாதையைப் போட்டவர்களுக்கு மனிதர்கள் கண்ணிலேயே படவில்லை. கல் குவாரிக்காகப் போட்டார்கள். கல் ஏற்ற எங்கே வசதியோ அங்கே ஸ்டேஷன் கட்டினார்கள். குவாரியில் கல் தீர்ந்தது, பாதை மட்டும் மிஞ்சியது. ஸ்டேஷன்களில் ஈ காக்கை இல்லை, வீடுகளெல்லாம் நடுவழியில். அதனால் முதல் டிரைவர் காலத்திலிருந்தே ஒரு வழக்கம் உண்டு. வளைவிலோ மதகடியிலோ நின்று கை காட்டினால் வண்டி நிற்கும். கார்டு ஆளை ஏற்றிக்கொண்டு, முந்தின ஸ்டேஷனில் ஏறியதாக டிக்கெட் கிழிப்பார். இதனால் வண்டி தினமும் தாமதம்.

பாதையை மூடலாமா என்று பார்க்க மறுநாள் ஒரு ரயில்வே அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. தாமதத்துக்காகத்தான் வருகிறார் என்று டிரைவர் தானாகவே முடிவுகட்டினார். யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கிற ஆளா அவர்? நிறுத்திய இடத்திலெல்லாம் தலையை நீட்டிச் சொன்னார்.

"நாளைக்கு யாரும் கை காட்டாதீங்க. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தா லைன் பிழைச்சுக்கும்."

மதகடியில் ஏறும் தன் அக்காவிடமும் சொன்னார். அவளுக்குக் காலில் ஆறாத புண். கட்டு மாற்ற ஜங்ஷன் ஆஸ்பத்திரிக்குப் போக இதை விட்டால் வேறு வண்டி இல்லை.

"நாளைக்கும் கட்டு மாத்தணுமேடா."

"ஒரு நாள் பொறுத்துக்கக்கா."

கார்டு சிரித்தார். "இது உங்க அக்கா வண்டின்னுல்ல நெனச்சேன். ரயில்வே வண்டியா?"

மறுநாள் அதிகாரி முதல் பெட்டியில் ஏறி உட்கார்ந்தார். வளைவில் பால்காரரும் தையல்காரியும் நின்றிருந்தார்கள். ஒருவேளை மனசு மாறி நிறுத்துவாரோ என்ற நப்பாசை. ஆனால் ஒருவரும் கையைத் தூக்கவில்லை. மதகடியில் அக்கா, எங்கே கை தானாக எழுந்துவிடுமோ என்று பயந்தவள் போல, இரண்டு கையையும் இறுகக் கட்டிக்கொண்டு நின்றாள். டிரைவரின் கை பிரேக்கின் மேல்தான் இருந்தது. அழுத்தவில்லை. கூடப்பிறந்தவளை வழியில் விட்டுவிட்டுப் போகிறோமே என்று மனசு குறுகுறுத்தது. ஜங்ஷன் வரை அது அடங்கவில்லை.

வண்டி சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதிகாரி இறங்கி வந்தார்.

"நேரம்னா நேரம். பாராட்டணும். ஆனா நான் அதுக்கு வரல. டிக்கெட் கணக்குல தினமும் கூட்டம், ஸ்டேஷன்ல ஒரு ஆளைக் காணோம்னு சொன்னாங்க. பாக்கத்தான் வந்தேன். வழி நெடுக ஒருத்தர்கூட ஏறலையே."

டிரைவர் அவசரமாகக் குறுக்கிட்டார். "இருக்காங்க சார். நின்னுட்டு இருந்தாங்க. நான்தான் ஏத்தல."

"எந்த ஸ்டேஷன்ல?"

கார்டு டிக்கெட் புத்தகத்தைப் பைக்குள் தள்ளினார். "வளைவுல சார், மதகடியில..." என்று இழுத்தார் டிரைவர்.

"ஸ்டேஷனே இல்லாத இடத்துல ஆள் நின்னாங்கன்னு நான் எப்படிங்க எழுதறது?" என்றார் அதிகாரி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கார் ஏறிப் போய்விட்டார்.

திரும்பும்போது மதகடியில் டிரைவர் வண்டியை நிறுத்தினார். அக்கா மதகுச் சுவரில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கட்டு நனைந்து கறுத்திருந்தது.

"நடந்தே போயிடலாம்னு பாத்தேன், முடியல. அதை விடு. லைன் பிழைச்சுதாடா?"

அவர் இறங்கி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உன்ன ஏத்தியிருந்தா பிழைச்சிருக்கும்க்கா."