தாசம்மாளின் சாட்சிக்கு ஒரு திருத்தம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது; பொய் என்னுடையது. ஞாயிறு ஆராதனையில் யாராவது எழுந்து, கர்த்தர் தனக்குச் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொல்வார்கள். நான் அதற்கு இஸ்திரி போட்டு எங்கள் சபைப் பத்திரிகைக்கு எழுதித் தருகிறவன்.

‘தம்பானூர் லாட்ஜில் அறை கூட்டும் தாசம்மாள், வறுமையிலும் புன்னகை மாறாமல்…’

அடித்துவிட்டேன். வயிறு நிறைந்தவன் எழுதுகிற வாக்கியம் அது.

2

தாசம்மாள் மார்த்தாண்டத்துக்காரி. கணவன் சத்தியதாஸ் கொத்தனார். மஞ்சள் காமாலை முற்றி, பதினெட்டு நாளாக ஆஸ்பத்திரியில் கிடந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் விட்டது. அவள் சபைக்கு ஓடிவந்து எழுந்து நின்றாள்.

“காய்ச்சல் விட்டுருக்கு. இன்னைக்கு கஞ்சி குடிச்சாரு. எங்க அக்கா மாடி வீடு கெட்டினா, நகை வாங்கினா. எனக்கு ஒண்ணும் வேண்டாம், இது போரும். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.”

நான் எழுதினேன்: ‘கணவர் பூரண சுகம் பெற்றார்.’

(இரண்டும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த இதழ் மனநிறைவுச் சிறப்பிதழ். கஞ்சி குடித்தான் என்று எழுதினால் யார் படிப்பார்கள்?)

வியாழக்கிழமை சத்தியதாஸ் இறந்துபோனான். ஞாயிற்றுக்கிழமை இதழ் வந்தது.

3

தாசம்மாள் அதை எழுத்துக்கூட்டி வாசித்தாள். அழுகை வரவில்லை. அவளைக் குடைந்தது வேறொன்று. அவசரப்பட்டுப் போதும் என்று சொன்னது அவள்தானே? அதனால்தான் கர்த்தர் கொடுப்பதை நிறுத்திக்கொண்டாரோ? லாட்ஜில் படுக்கை விரிப்பை மாற்றும்போதும், பஸ்ஸில் நிற்கும்போதும் இதே நினைப்புத்தான். ஜெபிக்க வாயைத் திறக்கவே பயந்தாள்.

4

முடிவு ஒன்று: அவள் கண்ணீரோடு எழுந்து துதிக்கிறாள். (சபைக்குப் பிடிக்கும்.)

முடிவு இரண்டு: பைபிளை மூடிவைத்தவள் திரும்பி வரவே இல்லை. (எழுதுகிற நண்பர்களுக்குப் பிடிக்கும்.)

உண்மையில் அவள் வேலை முடிந்து என் வீட்டுக்குத்தான் வந்தாள்.

“அண்ணா, நான் போரும்னு சொன்னதினாலயா அவர எடுத்தாரு?”

“அப்படி இல்ல தாசம்மா, கர்த்தர் வந்து…”

அந்த வாக்கியத்தை மூன்று தரம் தொடங்கினேன். இங்கேயும் அதை முடிக்க வரவில்லை. வெட்கமாக இருக்கிறது.

“திருத்தம் போடுகேன். எல்லாத்தையும் வெட்டிரட்டா?”

அவள் இதழை விரித்து அந்த வரியில் விரலை வைத்தாள்.

“சுகம் ஆச்சுன்னத வெட்டுங்க. அது நான் சொல்லல்ல.” எழுந்துகொண்டாள். “அன்னைக்கு கஞ்சி குடிச்சாரு அண்ணா. நான் ஊட்டினேன், குடிச்சாரு. அதுக்குச் சொன்ன ஸ்தோத்திரத்த மட்டும் வெட்டாண்டாம்.”

5

வெட்டவில்லை. திருத்தம் அச்சுக்குப் போய்விட்டது.

நாளை ஞாயிறு. சாட்சி சொல்கிறவர்கள் எழுந்து நிற்கலாம் என்று பாஸ்டர் கூப்பிடுவார். தாசம்மாள் எழுவாளா, எழுந்தால் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்தால் தயவுசெய்து என்னிடம் சொல்லாதீர்கள். நான் அதையும் எழுதிவிடுவேன்.