அப்பாவின் கிழிந்த பாய்

வேலை கேட்டுப் போகும்போது என்ன உடுத்துவது என்று எங்கள் தெருப் பெண்கள் என்னிடம்தான் யோசனை கேட்க வருகிறார்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தோரு வருஷம் இருந்தவளாம், எல்லாம் தெரியுமாம். நான் அன்றைக்கு உடுத்திக்கொண்டு போன லட்சணம் தெரிந்தால் ஒருத்தியும் என் வாசற்படி ஏற மாட்டாள்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. அப்பா செமிசி இறந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. எங்கள் டோங்காவில் தகப்பனுக்குப் பிள்ளைகள் கீழ். அதனால் அவர் துக்கத்துக்குப் பிள்ளைகள் இடுப்பில் கட்டுகிற பாய் பெரிதாக, பழசாக, கிழிந்து தொங்க வேண்டும். நான் கட்டியது அவர் படுத்திருந்த பாயையே. ஓரத்தில் சுருட்டு சுட்ட ஓட்டை ஒன்று உண்டு. அம்மா அதைக் காட்டித் திட்டும்போதெல்லாம், "காத்து வரட்டுமேன்னுதான் வச்சேன்" என்பார். அந்த ஐந்து வாரமும் அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுக்கொண்டுதான் தூங்கினேன்.

எக்ஸ்சேஞ்சில் ஒரே ஒரு இடம் காலி. அது கிடைக்காவிட்டால் ஆக்லாந்தில் சித்தி வீட்டுக்குப் போய் ஏதாவது தொழிற்சாலையில் சேர வேண்டியதுதான் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அம்மாவை விட்டு, அப்பாவின் சமாதியை விட்டுப் போக எனக்கு மனசே இல்லை.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே சந்தைக்குப் போனேன். என் சிநேகிதி சுலியா அங்கே தர்பூசணி விற்றுக்கொண்டிருந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இந்தக் கோலத்துல போனா வெள்ளைக்காரன் தேங்கா உரிக்கத்தான்டி கூப்பிடுவான். அவனுக்கு நம்ம துக்கம் தெரியுமா, கிழிசல் தெரியுமா?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. விளம்பரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தவர் நியூசிலாந்துக்காரர். வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சுலியா தன் கியேக்கியேயை அவிழ்த்து என் இடுப்பில் கட்டினாள். வெள்ளை வெளேரென்று நாரும் சிப்பியுமாகத் தொங்கும், நடந்தால் சலசலக்கும். கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற சாமான் அது. அப்பாவின் பாயைச் சுருட்டி அவளுடைய தர்பூசணிக் கூடைக்குப் பின்னால் வைத்தேன். ஒரு மணி நேரம்தானே என்று அப்பாவிடம் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். கேடு வரும் பின்னே, மதி கெட்டு வரும் முன்னே என்பது சும்மாவா?

எக்ஸ்சேஞ்சுக்குள்ளே மேசைக்குப் பின்னால் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் அந்த வெள்ளைக்காரர். இன்னொருவர் நம்மவர், முப்பது வயதிருக்கும். அவர் கட்டியிருந்த பாயைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. மார்பு வரைக்கும் ஏறி, நார் நாராகப் பிய்ந்து, நாற்காலிக்கு வெளியே தொங்கியது. ஆபீசுக்கே இப்படி வந்திருக்கிறாரே, நாம் என்னடாவென்றால் மினுக்கிக்கொண்டு வந்திருக்கிறோமே என்று கூசியது.

அவர்தான் முதலில் கேட்டார். பெயர் சொன்னேன், லெசியெலி. ஊர் கொலோவாய். அடுத்து அப்பா பெயரைக் கேட்டார்.

வேறு ஏதாவது பெயரைச் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அந்த நினைப்புக்காக இன்றைக்கும் என்னை நான் மன்னிக்கவில்லை.

"செமிசி. போன மாசம் தவறிட்டார்."

அவர் கண் என் இடுப்புக்குப் போயிற்று. உடனே பார்வையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு எழுந்துவிட்டார். சுவரைப் பார்த்தபடியே பேசினார்.

"என் பேர் பவுலியாசி. எங்கப்பாவும் உங்கப்பாவும் பங்காளிங்க, எனக்கும் அவர் அப்பா முறை. வடக்கே நியுவா தீவுல இருந்தப்ப ரேடியோவுல கேட்டேன், அன்னிக்கே கட்டினேன். கப்பல் முந்தாநாள்தான் வந்துச்சு. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரலாம்னு இருந்தேன்."

பிறகு வெள்ளைக்காரரிடம் இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனார். எனக்கு அண்ணன் முறை. அண்ணனும் தங்கையும் ஒரே அறையில் இருப்பது எங்களுக்கு மரியாதை இல்லை. அப்பாவைக் கூடைக்குப் பின்னால் ஒளித்துவிட்டு வந்தவளுக்கு அந்த மனிதர் தங்கை மரியாதை கொடுத்துவிட்டுப் போகிறார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

பத்து நிமிஷம் கொடுங்கள் என்று வெள்ளைக்காரரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் ஓடினேன். சந்தையில் கியேக்கியேயை அவிழ்த்துச் சுலியாவின் மடியில் போட்டேன். என்னடி ஆச்சு என்று அவள் கேட்கக் கேட்கப் பாயைக் கட்டிக்கொண்டு, அழுத முகத்தோடும் மூச்சிரைப்போடும் திரும்பினேன்.

வெள்ளைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பத்து டெலிபோன் நம்பர் வாசித்தார். ஓட்டைக்குள் விரலை விட்டுக்கொண்டு பத்தையும் திருப்பிச் சொன்னேன். திங்கட்கிழமை வரச் சொன்னார்.

நான் உட்கார்ந்து லைன் போட்டுக் கொடுத்த அந்தப் பலகையும் கம்பிகளும் இப்போது எங்கே? எதிர் அறையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தும் பவுலியாசி அண்ணன் என் அறைக்குள் காலெடுத்து வைத்ததில்லை. நம்பர் கேட்பார், கொடுப்பேன். வருஷத்துக்கு ஒரு நாள், அப்பா இறந்த தேதியில் மட்டும், நம்பர் கேட்க மாட்டார். "அம்மா சௌக்கியமா?" என்பார். சௌக்கியம் என்பேன். கம்பி வழியாகப் பேசினால் தோஷமில்லை என்று நாங்களே வைத்துக்கொண்டோம்.

நாலு வருஷத்துக்கு முன் அவர் போய்விட்டார். அண்ணனுக்குத் தங்கை மேல். அதனால் நான் மெல்லிய நல்ல பாய் கட்டித் தலைமாட்டில் உட்கார வேண்டும். நான் பெட்டியின் அடியிலிருந்து அப்பாவின் பாயை எடுத்துக் கட்டிக்கொண்டு போனேன். வாசலில் பெண்கள் முணுமுணுத்தார்கள். அவர் பெண்டாட்டியே எழுந்து வந்து, "அண்ணி, இது முறையில்லையே, நீங்க மேல உள்ளவங்க" என்றாள்.

"தெரியும்மா," என்றேன். "ஒரு நாள் எங்கப்பாவுக்கு நான் கட்டாம விட்டதை அவர் கட்டியிருந்தார்."