வெப்பம் வெளியேறாத வீடு

கட்டடத்துக்கு நகராட்சி போர்வை போர்த்திய பிறகு அங்கே முதலில் செத்தவர் ஸெனோன். அவரால் வெளியே போக முடியவில்லை. போலந்தின் கிராக்கோவில் யாராவது இறந்தால் உயிர் போவதற்காக ஜன்னலைத் திறந்துவிடுவார்கள்; வாசல் வழியாக உயிர் போகாது. ஆற்றோரத் தெருவின் அந்தக் கட்டடத்தில் திறக்கிற ஜன்னலே இப்போது கிடையாது. புகையும் செலவும் குறைய வேண்டும் என்று நிலக்கரி அடுப்புகளைப் பிடுங்கிவிட்டு, சுவர்களுக்கு வெளியே கனமான பஞ்சுப் பலகை ஒட்டி, மூன்றடுக்குக் கண்ணாடியை அசையாமல் பதித்திருந்தார்கள். காற்று குழாய் வழியாக வந்து போனது. குழாயில் வடிகட்டி இருந்தது. ஸெனோனின் உயிர் அதுவரை போய்த் திரும்பிவிட்டது.

அடக்கம் முடிந்து வந்த மனைவி லுட்மிலா, அவர் அலமாரியருகே நிற்பதைப் பார்த்தாள். கோட்டு போட்டு, தொப்பியைக் கையில் பிடித்து, ரயிலுக்குக் காத்திருப்பவர் போல நின்றார். எதையும் தள்ளவோ உடைக்கவோ அந்தக் கைக்குப் பலமில்லை.

"இந்த ஜன்னல் எங்கடி திறக்கும்?"

"திறக்காதுங்க."

"காத்து வருது, சாத்துடின்னு ஆயுசு பூரா கத்தினேன். இப்பப் பாரு."

அவரைச் சுற்றி அடுப்பருகே இருப்பதுபோல் சூடு அடித்தது. அந்தக் குளிர்காலம் லுட்மிலா ஹீட்டரே போடவில்லை. அடுத்தடுத்த வருடங்களில் இரண்டாம் மாடி ஆசிரியர் செத்தார், நின்றார். தரைத்தளத் தையல்காரி செத்தாள், நின்றாள். ஜனவரியிலும் கட்டடம் வெதுவெதுப்பாக இருந்தது. வெப்பத்தை வீணாக்காத கட்டடம் என்று நகராட்சி வாசலில் பச்சைத் தகடு பதித்தது. வியன்னாவிலிருந்தும் போர்ட்டோவிலிருந்தும் அதிகாரிகள் வந்து சுவரைத் தொட்டுப் பார்த்தார்கள். படியில் நின்றவர்களிடம் மன்னிப்புக் கேட்டு ஒதுங்கி ஏறினார்கள்.

லுட்மிலாவுக்கு ஸெனோனின் கால்கள்தான் கவலை. உட்காரவே முடியாமல் நின்று நின்று அவை வீங்கியிருந்தன. குடியிருப்போர் கூட்டத்தில், தன் ஜன்னலை மட்டும் திறக்கிற மாதிரி மாற்றித் தரக் கேட்டாள்.

"ஒரு ஓட்டை போட்டாலும் நகராட்சி குடுத்த மானியம் மொத்தத்தையும் திருப்பிக் கேப்பாங்கக்கா," என்றார் சங்கத் தலைவர் விட்டோல்ட்.

"நாலு வருஷமா நிக்கிறாருப்பா."

"எங்கம்மாவும்தான் நிக்கிறாங்க. ஒரு வார்த்தை சொன்னாங்களா?"

"உசுரோட இருந்தப்பவே உன்கிட்ட அவங்க பேசினதில்லையே!"

எல்லோரும் சிரித்தார்கள். வாக்கெடுப்பில் லுட்மிலாவின் கை மட்டும் உயர்ந்தது.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இறைச்சி தட்டும் சுத்தியலால் கண்ணாடியை உடைத்தாள். எல்லா வீட்டிலும் மதியச் சாப்பாட்டுக்குக் கறி தட்டும் நேரம் என்பதால் யாரும் கவனிக்கவில்லை. ஸெனோன் தொப்பியை மாட்டி, அவள் கன்னத்தைத் தொட்டார்.

"பீட்ரூட் சூப்புல இன்னும் கொஞ்சம் உப்பு போடு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

செத்து நின்ற மற்றவர்களும் வரிசையாகப் படியேறி வந்து அந்த வழியே போனார்கள். விட்டோல்டின் தாயார்தான் அவசரமாக எல்லோரையும் இடித்துக்கொண்டு முன்னால் போனார்.

சாயங்காலம் கட்டடம் சில்லிட்டது. நகராட்சிக்குத் தெரியாமல் மறுநாளே புதுக் கண்ணாடி பதித்தார்கள். ஒவ்வொரு மாதமும் மின்கட்டணம் வரும்போது குடியிருப்போர் அவள் வீட்டுக் கதவைப் பார்த்தார்கள். படியில் அவள் எதிரே வந்தால் ஒதுங்கிப் போனார்கள்.

லுட்மிலா நவம்பரில் செத்தாள். கதவைத் திறந்து உள்ளே வந்த விட்டோல்ட், டாக்டரைக் கூப்பிடும் முன் ஜன்னல் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"கொஞ்சங்கூட காத்து வரல," என்றார்.

லுட்மிலா கோட்டு போட்டு, கைப்பையைப் பிடித்தபடி, கண்ணாடியைப் பார்த்து நின்றாள். பக்கத்து வீட்டில், குளிர்காலம் தோறும் இருமும் குழந்தையின் கட்டிலை அவள் சூடு வரும் சுவரோரமாக நகர்த்திப் போட்டார்கள். குழந்தை அந்த வருடம் இருமவில்லை.