அரசாங்கத்தின் டொக்டர்

1.

இந்தக் கதையை நான் 1901இல் நடப்பதாகத்தான் எழுதத் தொடங்கியிருந்தேன். அவுஸ்திரேலியக் கூட்டாட்சி பிறந்த வருடம். புதிய நாடாளுமன்றம் இயற்றிய முதல் சட்டங்களில் ஒன்று, யாரை நாட்டுக்குள் விடக்கூடாது என்பது பற்றியது. தொற்றுநோய் கண்டவர்களும் மனநிலை பிறழ்ந்தவர்களும் அதில் இருந்தார்கள்.

'மெல்பேர்ன் துறைமுகத்தில் கப்பலேறிய மருத்துவர் ஒரு சிறுமியை நாக்கை நீட்டச் சொல்லி...'

[இத்தோடு நின்றது.]

அந்தச் சட்டத்தின் பிரதியை எனக்குத் தந்தவர் வரதராஜா அங்கிள். சிட்னியின் வென்ட்வேர்த்வில்லில் முப்பது வருடம் வைத்தியம் பார்த்து ஓய்ந்தவர். என் வரைவைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கப்பல் டொக்டரை விடும் பிள்ளை. உது நான்தான்."

2.

பதினொரு வருடங்களுக்கு முன் அவர் விசாவுக்கான மருத்துவப் பரிசோதனைகளும் செய்துவந்தார். ஒருநாள் ஃபாஹிமா என்ற பெண் தன் ஐந்து வயது மகளோடு வந்தார். (மகளுக்கு இங்கே ருமைஸா என்று பெயர். உண்மைப் பெயர் அல்ல.) டொக்டர் தமிழர் என்றதும் தாயின் முகம் தெளிந்தது. கேட்காமலே சொன்னார்:

"புள்ளக்கி மூணு தரம் வலிப்பு வந்திச்சு டொக்டர். அதுக்குப் பொறகு பேச்சும் நிண்டுட்டு. என்ன மருந்து குடுக்கலாம்?"

அவர் அதை அறிக்கையில் எழுதினார். அந்த அறிக்கையால் விசா மறுக்கப்பட்டது. குடும்பம் இலங்கைக்கு, புத்தளத்துக்குத் திரும்பியது.

"எழுதினது பிழையில்லை," என்றார் அங்கிள். "எழுதத்தான் வேணும். ஆனா அவ வாய் திறக்க முந்தி நான் ஒண்டு சொல்லியிருக்கவேணும். 'தங்கச்சி, இண்டைக்கு நான் உங்கட டொக்டர் இல்லை, அரசாங்கத்தின்ர டொக்டர்.' சொல்லேல்லை. தமிழிலை கதைக்கிற சந்தோசத்திலை இருந்திட்டன்."

3.

நோயாளி சொன்னதை வெளியே சொல்லாதே என்பது ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட மருத்துவ உறுதிமொழி. ஆகவே, கூட்டாட்சி அரசு மருத்துவரின் கையில் ஒரு

(வேண்டாம். இது கட்டுரையாகிறது. கட்டுரைக்குள் ஃபாஹிமா இல்லை.)

4.

நான் எழுதிய ஒரு முடிவில் ஃபாஹிமா அழுது மன்னித்தார். இன்னொன்றில் தொலைபேசியைத் துண்டித்தார். இரண்டையும் அழித்துவிட்டேன். நடந்தது இது: போன மாதம், உறவினர் ஒருவரிடம் இலக்கம் வாங்கி, என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அங்கிள் அழைத்தார். அன்று சொல்லாமல் விட்ட அந்த ஒரு வசனத்தையும் சொல்லி மன்னிப்புக் கேட்டார்.

ஃபாஹிமா சொன்னார்:

"அப்பிடிச் சொல்லியிருந்தா நான் வலிப்பப் பத்தி வாய் திறந்திருக்க மாட்டன் டொக்டர். மருந்தும் கேட்டிருக்க மாட்டன். அவளுக்கு இப்ப பதினாறு. வலிப்பு இல்ல. பேச்சுத்தான் வரல்ல."

"என்னை மன்னிச்சிட்டீங்களோ?"

"புள்ள எழும்பிட்டா டொக்டர். ஃபோன வைக்கவா?"

5.

மறுவாரம் நானே அவரை அழைத்து, இதை எழுதலாமா என்று கேட்டேன்.

"எண்ட புள்ளயப் பத்தியா? வாசிக்கிறவங்க என்ன செய்வாங்க?"

மகளின் பெயரை மாற்றிவிடுவேன் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். மூன்று வாரங்கள் ஆகின்றன. அங்கிள் தினமும், "அவ திருப்பிக் கோல் எடுத்தவவோ?" என்று கேட்கிறார். இல்லை என்கிறேன்.

ஆகவே முடிவை நான் எழுதவில்லை. இதை நீங்கள் அச்சில் படிக்கிறீர்கள் என்றால், ஒன்று அவர் சம்மதித்திருக்க வேண்டும். அல்லது நான் காத்திராமல் கொடுத்திருக்க வேண்டும். எது என்று நீங்களே முடிவுசெய்யுங்கள்.